கடற்கரைக்குப் பூட்டு, தியேட்டருக்கு டிக்கெட்

2020 ஜனவரி 19 அன்று, கிழக்குச் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், புத்தர் கோயில் வழிபாடு ஒன்றுக்கு இரண்டு பஸ்களில் ஆட்கள் கிளம்பினார்கள். ஒரு பஸ்ஸில் 60 பேர், இன்னொன்றில் 68 பேர். போக ஐம்பது நிமிடம், திரும்ப ஐம்பது நிமிடம். குளிர்காலம் என்பதால், உள்ளே இருக்கும் காற்றையே சூடாக்கித் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தது ஏசி. யார் முகத்திலும் மாஸ்க் இல்லை. இரண்டாவது பஸ்ஸில் வந்த ஒருவருக்குக் கொரோனா தொற்றியிருந்தது. அது அவருக்கே தெரியாது.

அந்த பஸ்ஸில் மட்டும் மேலும் 23 பேருக்குத் தொற்றியது. முதல் பஸ்ஸில் ஒருவருக்கும் இல்லை. கோயிலில் இரண்டு பஸ்காரர்களும், வேறு வழியில் வந்த 172 பேரும் சுமார் இரண்டரை மணி நேரம் ஒரே நிகழ்ச்சியில் இருந்தார்கள். நிகழ்ச்சி பெரும்பாலும் திறந்தவெளியில் நடந்தது. அந்த 172 பேரில் ஏழு பேருக்கு வந்தது. ஏழு பேருமே அந்த ஒருவரோடு நெருங்கி இருந்ததாகச் சொன்னவர்கள். பஸ்ஸுக்குள் கணக்கே வேறு. பக்கத்து வரிசைகளில் இருந்தவர்களுக்கும் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிரைவரும் கதவையொட்டி இருந்தவர்களும் தப்பினார்கள். திறக்கக்கூடிய ஜன்னலோரம் இருந்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே வந்தது.

வெயிலும் வெட்டவெளியும் வைரஸைக் கட்டுப்படுத்துமா என்று விவாதிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இது. வெளியே இரண்டரை மணி நேரத்தில் நடக்காத விபரீதம் மூடிய பஸ்ஸில் நூறு நிமிடத்தில் நடந்து முடிந்தது. அதுவும் ஜனவரி மாதக் குளிரில். அந்தக் கோயில் வளாகத்தில் வெயில் செய்திருக்கக்கூடிய உதவி மிகக் கொஞ்சம். அங்கே காப்பாற்றியது காற்றும் இடைவெளியும்தான். வெயில் வேறு, வெட்டவெளி வேறு என்ற இந்த வித்தியாசத்தை கொரோனாக் காலத்தில் மக்களும் பிடித்துக்கொள்ளவில்லை, அரசுகளும் பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கான விலை சிறியதல்ல.

"நம்ம ஊர் வெயிலுக்கு இந்தக் கிருமியெல்லாம் தாங்காது" என்ற பேச்சு 2020 மார்ச்சில் டீக்கடை பெஞ்சிலிருந்து டிவி விவாதம் வரை ஓடியது. வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதை வெறும் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் மேரிலாந்தில், ஃபோர்ட் டெட்ரிக் வளாகத்தில் இருக்கும் அரசு ஆய்வகம் அதே ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. செயற்கை எச்சிலில் கலந்த வைரஸ் துளிகளை எவர்சில்வர் தகட்டில் காயவைத்து, ஜூன் 21ஆம் தேதி வாக்கில் வடக்கே 40ஆவது அட்சரேகையில் அடிக்கும் வெயிலுக்குச் சமமான விளக்கொளியில் வைத்தார்கள். ஏழு நிமிடத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செயலிழந்துவிட்டது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளிலும் அப்படித்தான். மங்கலான குளிர்கால வெயில் அளவில்கூட இருபது நிமிடத்துக்குள் தொண்ணூறு பங்கு காலி. இருட்டில் அதே வைரஸ் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது.

காரணம் வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். சூரியனிலிருந்து வரும் புற ஊதா சி கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. பூமிக்கு வந்துசேரும் புற ஊதா பி கதிர் வைரஸின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. இந்தக் கதிரின் பெரும்பகுதியைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி நிறுத்திவிடும். ஆகவே கண்ணாடியைச் சாத்திவிட்டு 'நல்ல வெளிச்சமான அறை' என்று மகிழ்வதில் கிருமி விஷயத்தில் பெரிய லாபமில்லை.

ஃபோர்ட் டெட்ரிக் முடிவுகளின் முதல் சுருக்கம் 2020 ஏப்ரல் 23 அன்று வெள்ளை மாளிகையில் நிருபர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. அடுத்து மைக்கைப் பிடித்த அதிபர் டிரம்ப், ஒளியை உடம்புக்குள் செலுத்த முடியுமா, கிருமிநாசினியை ஊசி போல ஏற்றினால் என்ன என்று கேட்டார். உலகம் சிரித்தது. அந்தச் சிரிப்பில், சோதனை சொன்ன உருப்படியான சேதியும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

சரி, வெயில் வைரஸைக் கொல்கிறது என்றால், 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டுக்கு என்ன ஆயிற்று? கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த மே மூன்றாவது வாரத்தில் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. அதற்குச் சற்று முன்பு, மே முதல் வாரத்தில், நாடு முழுக்க ஒரே நாளில் 4 லட்சத்துக்கு மேல். பூமத்திய ரேகையை ஒட்டிய பிரேசிலின் மனாவுஸிலும் ஈக்வடாரின் குயாகிலிலும் இடுகாட்டில் இடமில்லாமல் போனது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் 2020 ஜூன், ஜூலையில்தான் தொற்று எகிறியது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நண்பகல் வெயிலில் தெருவில் நின்று யாரும் மணிக்கணக்காக ஊர்க்கதை பேசுவதில்லை. வெயில் ஏற ஏற ஆட்கள் உள்ளே போகிறார்கள். ஏசி உள்ள வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தப்படுகின்றன. ஏசி இல்லாத வீட்டில் அனல் வராமலிருக்கத் திரைச்சீலை இழுத்துவிடப்படுகிறது. ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. வெளியே கிருமி ஏழெட்டு நிமிடத்தில் சாகிறது. உள்ளே ஆறு பேர் அதை மாறி மாறிச் சுவாசிக்கிறார்கள். குளிர்நாட்டில் பனி செய்கிற வேலையை நம் ஊரில் வெயில் செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

சிங்கப்பூர் இதற்கு இன்னும் கடுமையான சாட்சி. அங்கே தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சுமார் 3,23,000 பேர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் அதில் ஏராளம். கட்டுமானத் தளத்தில் பகலெல்லாம் வெயிலில் காய்கிறவர்கள். வெயில் கவசம் என்றால் உலகத்திலேயே முதலில் தப்பித்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். 2020 முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்பதை அந்நாட்டு அரசே பரிசோதனை முடிவுகளோடு வெளியிட்டது. இரவில் ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர் அடுக்குக் கட்டிலில் படுத்துறங்கியதற்குப் பகல் வெயில் என்ன பரிகாரம் செய்துவிடும்? இதில் ஒரு கூத்தும் உண்டு. ஆரம்பகால ஆய்வுத் தொகுப்புகள் சிலவற்றில் சிங்கப்பூரின் கட்டுமானத் தளத் தொற்றுகள் 'திறந்தவெளி' என்ற கணக்கில் ஏறின. வேலை நடந்த இடத்தை எழுதியவர்கள், ஆட்கள் தூங்கிய இடத்தைக் கேட்கவில்லை.

அந்தக் கூத்தையும் சேர்த்துப் பார்த்தால்கூட, வெட்டவெளியில் பரவல் எவ்வளவு குறைவு என்பது வியப்புத்தான். ஹூபே மாகாணம் நீங்கலாக, சீனாவின் 320 நகரங்களில் பதிவான விவரங்களை ஒரு குழு ஆராய்ந்தது. மூன்று பேருக்கோ அதற்கு மேலோ தொற்றிய நிகழ்வுகள் 318. அத்தனையும் கூரைக்குக் கீழே. வெளியில் பரவியதாக மொத்த விவரத்திலும் கிடைத்தது ஒன்றே ஒன்று: ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் 27 வயது இளைஞர், வூஹானிலிருந்து திரும்பிய ஒருவரோடு வெளியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் 2021 மார்ச் வரையிலான 2,32,164 தொற்றுகளில் வெளியிடத்தோடு தொடர்புபடுத்த முடிந்தவை 262 மட்டும்.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். சந்தையில் பக்கத்தில் நின்று இருமியவர் யாரென்று எவருக்குத் தெரியும்? திறந்தவெளித் தொற்று கண்ணில் படாமல் நழுவுவது எளிது. எனவே உண்மை எண் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வெளியில் பரவியது பத்து சதவீதத்துக்கும் கீழே என்று சொன்னார்கள். பத்து என்பது மிகத் தாராளமான உச்சவரம்பு என்று அதற்கும் விமர்சனம் வந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து கணக்கிட்டாலும் திசை மாறவில்லை.

வெட்டவெளி ஏன் இவ்வளவு பாதுகாப்பு? மூச்சில் வரும் நுண்துளி வெளியே வந்ததும் கரைந்து மறைகிறது என்பது முதல் பதில். இரண்டாவது பதிலை பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் 1960களில் ஹென்றி ட்ரூயட்டும் கே.ஆர். மே என்பவரும் விநோதமான ஒரு வழியில் தேடினார்கள். நுண்ணுயிரை வெட்டவெளியில் மிதக்கவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். பிறகு எங்கே பிடிப்பது? அதற்காகச் சிலந்திகளை நூல் விடவைத்து, அந்த நூலைச் சிறு உலோகச் சட்டத்தில் சுற்றி, அதன்மேல் பாக்டீரியாத் துளிகளை ஒட்டவைத்தார்கள். கண்ணுக்கே தெரியாத அந்த இழைகளில் தொங்கிய கிருமி, காற்றில் மிதப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். சட்டத்தை இரவில் வெளியில் வைத்தார்கள். வெயில் இல்லை, புற ஊதா இல்லை. ஆனாலும் மூடிய பெட்டிக்குள் வைத்ததைவிட வெளியில் வைத்தவை வேகமாகச் செத்தன. புதிய காற்றிலேயே ஏதோ இருக்கிறது. அடைத்துவைத்தால் அது போய்விடுகிறது. ஓசோனும் வேறு சில வாயுக்களும் வினைபுரிந்து உண்டாகும் பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். பனிப்போர்க் காலத்தில் உயிரி ஆயுதத்துக்காக நடந்த சோதனை, இன்று வகுப்பறை ஜன்னலுக்கு வாதாடுகிறது.

அண்மையில் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இதோடு ஒத்துப்போகிறது. காற்றில் கரியமில வாயு கூடினால் கொரோனா வைரஸ் நுண்துளிக்குள் கூடுதல் நேரம் உயிர்ப்போடு இருக்கிறது. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு என்ற அளவில் இருக்கும். ஆள் நிறைந்து கதவு சாத்திய அறையில் ஆயிரத்தை எளிதில் தாண்டிவிடும்.

சூரிய ஒளியின் மீதான நம்பிக்கை கொரோனாவோடு வந்ததல்ல. ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1877-இல் சத்துக்கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய்களை வெயிலிலும் ஈயத்தகடு சுற்றிய மறைவிலும் வைத்து, வெயிலில் இருந்தவற்றில் கிருமி வளராததைக் காட்டினார்கள். ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. காசநோய்க்கு மருந்தில்லாத அந்தக் காலத்தில் காற்றும் வெயிலும்தான் சிகிச்சை. இங்கிலாந்தின் மென்டிப் மலைப் பகுதியில் அப்படி ஒரு சானடோரியம் நடத்தியவர் இந்தியரான டாக்டர் சௌரிமுத்து. 1917-இல் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணத்து உடம்பை இங்கிலாந்துக் குளிரில் ஜன்னல் திறந்த அறையில் படுக்கவைத்ததால் அவர் தேறினாரா, வாடினாரா என்பது பெரிய கதை. (அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த ஈரல் நோய் என்று 1994-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார்.) சௌரிமுத்து ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்றும் மின்சார ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரைக் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

அந்த நம்பிக்கையை முடித்துவைத்ததும் இதே சென்னைதான். 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு மாத்திரையோடு ஓராண்டு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, கவனிப்பு. மற்றொரு பிரிவுக்கு அதே மாத்திரை. ஆனால் இருப்பது தங்கள் நெரிசலான வீட்டில், அன்றாட உழைப்போடு. 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் பரவியதிலும் இல்லை. மாத்திரை விழத் தொடங்கியதும் நோயாளியிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். உலக மருத்துவத்துக்குச் சென்னை கொடுத்த பெரிய கொடைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் கோணலாகிவிட்டது. மருந்து இருக்கும் நோய்க்குக் காற்று தேவையில்லை என்றது சேத்துப்பட்டு. மருத்துவமும் கட்டடக்கலையும் அதை, காற்றே தேவையில்லை என்று படித்துவிட்டன. வராந்தா போயிற்று, உயரமான கூரை போயிற்று, எதிரெதிர் ஜன்னல் போயிற்று. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத ஒரு புது வைரஸ் வந்தபோது, 1928-இல் இருந்த ஒரே ஆயுதத்தின் பிடியே கையில் இல்லை. போதாக்குறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. 239 விஞ்ஞானிகள் சேர்ந்து மறுத்தும், நிறுவனம் முழுமையாக இறங்கிவர ஓராண்டு ஆனது. அதுவரை கையைக் கழுவு, கதவுக் கைப்பிடியைத் துடை என்றுதான் நாடு முழுக்கப் பிரச்சாரம். தெருவில் கிருமிநாசினி அடித்த லாரிகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நன்றாக வெயில் அடிக்கும் தார்ச்சாலை!

சென்னையில் இந்தத் தலைகீழ்ப் புரிதலுக்குத் தேதியோடு ஆதாரம் இருக்கிறது. முதல் அலை அடங்கியபோது மால்கள் 2020 செப்டம்பர் 1 முதல் திறந்தன. தியேட்டர்கள் பாதி இருக்கைகளோடு நவம்பர் 10-இல் திறந்தன. மெரினா கடற்கரை திறந்தது டிசம்பர் 14-இல்தான். மூன்று மணி நேரம் ஏசியில் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ள அனுமதி; கடல் காற்றில் நடக்க ஒரு மாதத்துக்கு மேல் காத்திருப்பு. சரி, அப்போது தெரியாது என்று விட்டுவிடலாம். ஒமிக்ரான் வந்த 2022 ஜனவரியில் எல்லாம் தெரிந்திருந்தது. அப்போதும் தியேட்டருக்கு ஐம்பது சதவீதம், கடற்கரை மணலுக்குத் தடை. பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மார்க் வுல்ஹவுஸ் 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுவிடம், கடற்கரையோடு தொடர்புள்ள ஒரு கொத்துத் தொற்றுகூட உலகத்தில் எங்கும் தமக்குத் தெரிந்து இல்லை என்று சொல்லி ஓராண்டு ஆகப்போகிறது அப்போது.

கூட்டம் சேரும் என்பதுதான் அதிகாரிகள் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. திறந்தவெளிக் கூட்டமும் ஆபத்தில்லாதது அல்ல. 2020 செப்டம்பரில் வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்தில் நீதிபதி நியமன விழாவுக்கு வந்தவர்கள் பலருக்குத் தொற்று வந்தது. அந்த விழாவையொட்டி மாளிகைக்கு உள்ளே ஒரு விருந்தும் நடந்தது என்பது தனி. கோயம்பேடு சந்தையில் 2020 ஏப்ரல், மே வெயிலில்தான் பரவல் வெடித்து, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று லாரி போன ஊரெல்லாம் போனது. தோளோடு தோள் உரசி, கத்தி விலை பேசும் இடத்தில், நிழல் கூரைக்குக் கீழே, வெயில் குறுக்கே வந்து காப்பாற்ற நேரமில்லை. ஒருவர் வாயிலிருந்து கிளம்பியது அடுத்தவர் மூக்குக்குப் போக ஏழு நிமிடமா வேண்டும்? ஆனாலும் கூட்டத்தைப் பயந்தால் தடுக்க வேண்டியது கூட்டத்தை. மணல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆட்களைப் பரப்பிவிட வேறு எந்த இடம் அதைவிட வசதி? பத்துக்கு இருபது அடி வீட்டில் ஐந்து பேர் வசிக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் அந்தக் கடற்கரைதான் முற்றம். அதைப் பூட்டினால் அந்த ஐந்து பேரையும் உள்ளே தள்ளியதாகத்தான் அர்த்தம்.

இதைவிட வருத்தமானது பள்ளிக்கூடம். 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் வேப்பமரத்தடி வகுப்பு என்பதை யாரும் கொள்கையாக யோசிக்கவில்லை. அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் 1908 ஜனவரிக் குளிரில் இரண்டு பெண் மருத்துவர்கள் காசநோய்க்குப் பயந்து திறந்தவெளி வகுப்பு தொடங்கினார்கள். பிள்ளைகள் பைபோல் தைத்த கம்பளிக்குள் உட்கார்ந்து, காலடியில் சூடாக்கிய கல்லை வைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். மேற்கு வங்கத்தின் ஜோபா ஆட்பாரா கிராமத்தில் ஓர் ஆசிரியர் கொரோனாக் காலத்தில் மண்சுவர்களில் கரும்பலகை தீட்டி, பிள்ளைகளைத் தெருவில் இடைவெளி விட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான வானிலை உள்ள தமிழ்நாட்டில் இது முடியாத காரியமா? சத்துணவுகூட வெட்டவெளியில் பரிமாறிப் பழக்கப்பட்ட பள்ளிகள் எத்தனையோ உண்டு.

வெயிலை மருந்தாக்கும் ஆசைக்கும் இங்கே ஒரு வரம்பு போட வேண்டும். காலை வெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும், அதனால் கொரோனா அண்டாது என்றார்கள். பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய பெரிய சோதனையில், குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தும் கொரோனாவோ சளிக்காய்ச்சலோ குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. எலும்புக்கு நல்லது, நிற்கலாம். சித்திரை நண்பகலில் நின்றால் வருவது வெப்பத்தாக்கு.

இனி செய்ய வேண்டியது வெயிலைப் பற்றியதல்ல, கட்டடத்தைப் பற்றியது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023 மே மாதத்தில், ஆட்கள் கூடும் அறையில் மணிக்கு ஐந்து முறையாவது காற்று முழுதாக மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெல்ஜியம் 2021-இலேயே உணவகங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கரியமில வாயு அளவைக் காட்டும் கருவியைக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் ஜன்னலே இல்லாத ஏசி கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் பந்திக்குக் காத்திருக்கிறார்கள். புதிதாக வரும் ஏசி பஸ்களில் ஜன்னல் திறக்க வழியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்கள் காத்திருப்பது கட்டடத்தின் நடுக்கூடத்தில். வெளியே ஒரு தகரக் கொட்டகையும் நாலு பெஞ்சும் போட எந்தப் பெரிய நிதியும் வேண்டாம்.

2004 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, தனியார் பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கும்போது தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று என்று கறாராகக் கேட்கத் தொடங்கினார்கள். கூரை வேய்ந்த வகுப்பறைகள் அதனால் மறைந்தன. அந்தச் சுகாதாரச் சான்றில் குடிநீரும் கழிப்பறையும் பார்க்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த அறையில் ஒரு பாடவேளை முடியும்போது காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து எழுத இன்னொரு வரி சேர்க்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கையடக்கக் கருவி கிடைக்கிறது. சுகாதார ஆய்வாளர் அதைப் பையில் போட்டு எடுத்துவந்தால் போதும். மண்டப உரிமம் புதுப்பிக்கும் தாசில்தாரும் அதையே கேட்கலாம்.